தாரைப் பொறி

தாரைப் பொறி, காற்றை உள்ளிழுத்து அழுத்தி, எரிபொருளுடன் எரித்து, வெப்ப வளிமத்தைப் பின்புறம் விரைவாக வெளியேற்றி, அதன் எதிர்விசையால் வானூர்தியை முன்செலுத்தும் வெப்பப் பொறி. ஜெட் எஞ்சின் எனவும் வழங்கும். டர்போஜெட், டர்போஃபேன், டர்போபிராப், ராம்ஜெட் என்பன முதன்மை வகைகள்.

இன்றைய பெரிய பயணியர் விமானங்களில் டர்போஃபேனே உள்ளது. இதன் முகப்பு விசிறி தள்ளும் காற்றில் பெரும்பகுதி எரியறைக்குள் புகாமல் உள்ளகத்தைச் சுற்றிச் செல்கிறது. உந்துவிசையின் பெரும்பங்கு இதிலிருந்தே கிடைக்கிறது. மிகுதியான காற்றைக் குறைந்த வேகத்தில் தள்ளுவதால் எரிபொருள் செலவும் இரைச்சலும் குறைகின்றன. பொறியிலேயே கடும் சோதனைக்கு உள்ளாகும் உறுப்பு, வெப்ப வளிமத்தால் சுழலும் டர்பைன். அதன் பிளேடுகளைத் தாக்கும் வளிமத்தின் வெப்பநிலை, அவை வார்க்கப்பட்ட நிக்கல் கலப்புலோகத்தின் உருகுநிலையையும் விஞ்சும். ஒற்றைப் படிக வார்ப்பு, பீங்கான் பூச்சு, நுண்துளைகள் வழியே பாயும் குளிர்காற்று ஆகியவையே அவற்றைக் காக்கின்றன.

பிரிட்டனின் பிராங்க் விட்டில் 1930இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அவரது பொறி 1937இல் தரையில் இயங்கியது. ஆயினும் முதலில் பறந்தது, ஜெர்மானியர் ஹான்ஸ் ஃபான் ஓஹைனின் பொறி பூட்டிய ஹைன்கல் 178 விமானம்; நாள் 1939 ஆகஸ்ட் 27.

பற்சக்கரத் தொகுதி வழியே விசிறியை மெதுவாகச் சுழற்றும் பொறிகள் 2016 முதல் ஏர்பஸ் ஏ320நியோவில் பயன்படுகின்றன. உறையற்ற திறந்த விசிறிப் பொறிக்கான திட்டத்தை ஜி.இ., சாஃப்ரான் நிறுவனங்கள் 2021இல் அறிவித்தன.