வெண்டை: வகரமும் பகரமும்

பவானியிலிருந்து அந்தியூர் வழியாகப் பர்கூர் மலை ஏறினால் காய் மாறாது, பெயர் மாறும். கீழே வெண்டைக்காய், மேலே, கன்னடம் பேசும் வீடுகளில், 'பெண்டெகாயி'. தமிழில் சொல்முதலில் வரும் வகரம் கன்னடத்தில் பகரமாவது வழக்கம்: வேர் 'பேரு', விரல் 'பெரளு'. வெண்டையும் அந்த வரிசையில் வருகிறது. மலையாளத்தில் வகரம் மாறாமல் 'வெண்ட'. தெலுங்குதான் யோசிக்க வைக்கிறது. அங்கே வேர் 'வேரு'வாகவே இருக்க, வெண்டை மட்டும் 'பெண்ட' ஆகியிருக்கிறது. மராத்தியின் 'பேண்டி', இந்தியின் 'பிண்டி' எல்லாம் பகரத்தின் பக்கமே.

கடல் தாண்டியபோது காயும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. சிங்களத்தில் 'பண்டக்கா'. தென்னிந்திய வெள்ளைக்காரர்கள் சொன்ன 'பாண்டிகாய்' 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் பதிவாகியிருக்கிறது. வெண்டைக்காய் என்ற தமிழ்ச் சொல்லே அதற்கு மூலம் என்றும் அங்கே காணலாம். ஆங்கிலத்தின் 'ஓக்ரா'வோ மேற்கு ஆப்பிரிக்காவின் இக்போ மொழி தந்தது.

தாவரவியலில் லின்னேயஸ் 1753இல் வெண்டையைச் செம்பருத்திப் பேரினத்தில் சேர்த்தார். 1794இல் மோன்க் அதை 'ஏபெல்மாஸ்கஸ்' என்ற பேரினத்துக்கு மாற்றினார். அரபியிலிருந்து வந்த அப்பெயரில் கஸ்தூரி மணக்கிறது. அந்த மணம் உறவுக்காரச் செடியான கஸ்தூரி வெண்டையின் விதைக்கு உரியது. பருத்தியும் இதே குடும்பம்தான். மஞ்சள் இதழும் நடுவே கருஞ்சிவப்புமாக மலரும் வெண்டைப்பூவைப் பார்த்தாலே உறவு தெரியும். காயைத் துளைக்கும் புள்ளிக் காய்ப்புழுவுக்கும் இரண்டும் ஒன்றுதான். ஜமக்காளம் நெய்யும் பவானியில் இந்த உறவைச் சொல்லாமல் விட முடியாது.

சந்தையில் நுனியை ஒடித்துப் பார்ப்பார்கள். படக்கென்று ஒடிந்தால் இளசு, வளைந்தால் முத்தல். கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்க வேண்டும். கொழகொழப்பை அடக்கப் புளியோ மோரோ போதும். சமையலில் நாம் விரட்டும் அந்தக் கொழகொழப்பையே கரும்புச் சாற்றின் அழுக்கை எடுக்க வெல்லம் காய்ச்சுவோர் பயன்படுத்தியிருக்கிறார்கள். நாட்டுச்சர்க்கரைக்குப் பேர்போன கவுந்தப்பாடி பவானிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் தந்த கலப்பின வெண்டைக்குப் பெயர் 'கோ பிஎச் எச் 1'. 'கோ' கோயமுத்தூரைக் குறிக்கும், நடுவிலுள்ள 'பிஎச்' பிண்டியை. ஆய்வுக்கூடக் குறியீடு அப்படியே இருக்கட்டும். ஓட்டல்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பட்டியலில் 'பிண்டி மசாலா' என்று போடுகிற இடத்தில் 'வெண்டைக்காய் மசாலா' என்று போடுங்கள். கடல் கடந்த பெயருக்கு நம்மூர் இலையில் இடமில்லாமல் போகக்கூடாது.