பனியில் செத்தால் போர்ச்சாவா?

ஹெச்.டி.கோட்டே என்றால் மைசூர்க்காரர்களுக்குக் கபினி அணையும் யானைகளும்தான் ஞாபகம் வரும். 2016 பிப்ரவரி 3-ஆம் தேதி சியாச்சின் பனிச்சரிவில் புதைந்த பத்துப் பேரில் ஒருவர் அந்தத் தாலுகாக்காரர். எல்லோருமே மெட்ராஸ் ரெஜிமென்ட், 19-ஆவது பட்டாலியன். தமிழ்நாட்டுக்காரர்கள் நான்கு பேர், கர்நாடகத்தவர் மூன்று பேர். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட தார்வாட் ஹனுமந்தப்பாவும் 11-ஆம் தேதி டெல்லியில் இறந்துபோனார்.

எதிரி ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. அப்படியானால் இது போர்ச்சாவா, விபத்தா?

கேட்கவே சங்கடமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ராணுவத்தில் யாராவது ஒருவர் இதற்குப் பதில் எழுதித்தான் ஆகவேண்டும். அங்கே இரண்டு தலைப்புகள்: 'பேட்டில் கேஷுவல்டி', 'ஃபிசிக்கல் கேஷுவல்டி'. குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

1971 போரை அடுத்து, 1972-ல்தான் போரில் இறந்தவர் குடும்பத்துக்கான தாராள ஓய்வூதியம் வந்தது. பிறகு 2001 ஜனவரி 31 தேதியிட்ட பாதுகாப்பு அமைச்சக உத்தரவு, சாவுகளை ஐந்து வகையாகப் பிரித்தது:

ஏ - பணிக்குச் சம்பந்தமில்லாத இயற்கை மரணம்
பி - பணியால் வந்த நோய்
சி - பணியில் விபத்து
டி - தீவிரவாதிகள், சமூக விரோதிகளின் வன்முறை
இ - எதிரி நடவடிக்கை, எல்லை மோதல், அரசு அறிவித்த ஆபரேஷன்கள்

பி, சி என்றால் கடைசிச் சம்பளத்தில் 60 சதவீதம். டி, இ என்றால் முழுச் சம்பளம். கடைசிச் சம்பளம் 30,000 என்றால் 18,000-மா, 30,000-மா என்பதை ஓர் எழுத்து முடிவு செய்கிறது!

1997 ஜனவரியில் காஷ்மீர் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே, கடுங்குளிரில் ரோந்து போன ஒரு நாயக்குக்கு மூச்சுத் திணறியது. மோசமான வானிலையால் ஹெலிகாப்டர் வர முடியவில்லை. இறந்துவிட்டார். முதலில் 'பேட்டில் கேஷுவல்டி' என்று எழுதினார்கள். அப்புறம் அதையே 'ஃபிசிக்கல்' என்று மாற்றிவிட்டார்கள். மனைவி ராணுவத் தீர்ப்பாயம் போனார், 2019-ல் ஜெயித்தார். மத்திய அரசு விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனது.

எல்லையில் பணியாற்றும்போது இயற்கைச் சீற்றத்தாலோ, தட்பவெப்பத்தால் வரும் நோயாலோ ஏற்படும் சாவும் 'பேட்டில் கேஷுவல்டி'தான் என்று 2003-ஆம் வருட ராணுவ ஆணையே சொல்கிறது. 2024 டிசம்பர் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதைக் காட்டி அப்பீலைத் தள்ளியது. ஒரு ராணுவ வீரரின் மனைவியைக் கோர்ட்டுக்கு இழுத்திருக்கவே கூடாது என்று கண்டித்து, அரசுக்கு 50,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. கணவர் இறந்து 27 வருஷம் ஆகியிருந்தது.

சந்தேகம் வந்தால் கணக்கு எழுதுகிறவன் கை குறைந்த தொகைப் பக்கமே சாயும். வங்கியில் இருப்பதால் எனக்கு இந்தப் புத்தி நன்றாகவே தெரியும். கடன் கொடுக்கும்போது அது நியாயம். ஆனால் பனியிலும் காவல் நில் என்று ஒருவனை அனுப்பிய அரசு, அவன் போனபிறகு பழியைப் பனிமேல் போட்டுக் கணக்கை முடிப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி?