கணவாயும் பேய்க்கணவாயும்

எட்டுக்கை உயிரியான பேய்க்கணவாய் எந்த இடுக்கிலும் நுழைந்து போகிறது, அதனால் மலை இடுக்கின் பெயரான கணவாய் அதற்கும் ஆயிற்று என்று சொல்லித் திரிகிறார்கள். பாலக்காட்டுக் கணவாயில் உள்ள வேலந்தாவளத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்கப் பொறுக்கவில்லை. இங்கே கணவாய் என்பது இடுக்கா? மேற்குத் தொடர்ச்சி மலையே அறுந்துபோய், ஆடிக்காற்று தடையின்றிக் கோவைப் பக்கம் பாயும் பெருவெளி அது. ஊர்ப்பெயரில் உள்ள தாவளம் வழிப்போக்கர் தங்குமிடம். கூட்டம் வந்து இறங்கிய அகலவழியின் பெயர்.

மலைக்கணவாய்க்கு உறவு கன்னடக் கணிவெ, தெலுங்குக் கனும. மலையாளத்தார் பாலக்காட்டு மலைவழியைச் சங்கத் தமிழின் பழஞ்சொல்லால் சுரம் என்கிறார்கள். கடலில் பிடிப்பதையே கணவ என்கிறார்கள். ஒலி ஒன்று, சொல் இரண்டு.

நுழைவது மெய்தான். பேய்க்கணவாயின் உடம்பில் கெட்டியானது கிளிமூக்குப் போன்ற அலகு ஒன்றே. அலகு புகும் துளையில் உடல் முழுதும் வழிந்து போய்விடும். ஆனால் ஓட்டுக்கணவாய்? அதன் முதுகுக்குள் ஓடு கிடக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று விற்பது அதைத்தான். ஓட்டைச் சுமந்துகொண்டு அது எந்தத் துளையில் நுழையும்? அதுவும் கணவாய்தானே!

கண்ணும் வாயும் சேர்ந்து கணவாய் என்பவருக்கு ஒரு விடை போதும்: மண்ணும் வெட்டியும் சேர்ந்தால் மண்வெட்டி, மணவெட்டி ஆகாது.

கணம் என்றால் கூட்டம். புறநானூற்றில் மான்கூட்டம் கணம். மரம் வேரோடு சேர்ந்து மரவேர் ஆவதுபோல், கணம் வாயோடு சேர்ந்து கணவாய் ஆயிற்று என்பேன். இந்த இனத்துக்கெல்லாம் கைகள் வாயைச் சுற்றியே முளைக்கின்றன; கைக்கணத்தின் நடுவே வாய். பேய்க்கணவாயில் இது இன்னும் பொருந்தும். அதன் சுமார் 50 கோடி நரம்பணுக்களில் மூன்றில் இரு பங்கு கைகளில் இருக்கிறது. ஒவ்வொரு கையும் தானே தடவித் தேடும்.

அடுத்தது பேய். கண்ணெதிரே மறைவதால் பேய் என்கிறார்கள். தோலில் நுண்ணிய நிறப்பைகள். ஒவ்வொன்றையும் சுற்றித் தசையிழைகள். நரம்பு சுண்டினால் இழை இழுக்க, பை விரிந்து நிறம் பரவும். தோல் முண்டுமுண்டாக எழும்பிப் பாறையாகவே தோன்றும். இத்தனையும் நிறம் பிரித்தறியாத கண்ணோடு! வியப்புத்தான். ஆனால் ஓட்டுக்கணவாயும் இதே வித்தையைச் செய்கிறது. அதை யாரும் பேய் என்பதில்லை.

பேய்ப்பீர்க்கு, பேய்ச்சுரை, பேய்க்கரும்பு, பேய்த்துமட்டி: இவற்றில் எது மறைந்து தோன்றுகிறது? வீட்டுக்கு ஆகாத காட்டுவகைக்குத் தமிழர் இட்ட அடை அது. ஊசிக்கணவாயும் ஓட்டுக்கணவாயும் விலைபோக, எட்டுக்கை உயிரியைத் தூண்டிலுக்கு இரையாக ஒதுக்கிய கரைக்காரர் வாயில் பிறந்ததே பேய்க்கணவாய். வேறு விளக்கத்துக்கு நான் இசைய மாட்டேன்.