வேகத்துக்கு ஒரு வாய்ப்பூட்டு

எங்கள் வெள்ளகோவில் பக்கத்தில் பந்தயம் என்றால் ரேக்ளாப் பந்தயந்தான். காங்கேயம் காளைகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறக்கும், சலங்கை குலுங்கும், ஜனங்கள் ஆரவாரம் செய்வார்கள். மாட்டுக்குச் சைலன்ஸர் மாட்ட வேண்டும் என்று யாரும் மனுப் போட்டதாக நான் கேட்டதில்லை. மோட்டார்ப் பந்தயத்தின் கதை வேறு. அதன் சரித்திரத்தில் பாதி வேகத்தைப் பற்றியது; மறு பாதி அண்டை வீட்டுக்காரரின் தூக்கத்தைப் பற்றியது.

இங்கிலாந்தில் வேபிரிட்ஜ் என்ற ஊரருகே, ஹியூ லாக் கிங் என்ற நிலச்சுவான்தார் தம் சொந்த நிலத்தில், சொந்தப் பணத்தில், 1907-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையைக் கட்டினார். மோட்டார்ப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் பாதை அது. அந்த ஜூன் மாதத்திலேயே எஸ். எப். எட்ஜ் என்பவர் நேப்பியர் காரில் 24 மணி நேரம் இடைவிடாமல் சுற்றி, 1,581 மைல் ஓட்டிக் காட்டினார். இரவில் பாதையோரம் சிவப்பு லாந்தர்கள் எரிந்தன. உலகம் வியந்தது. ஆனால் அக்கம்பக்கத்தார் அன்றிரவு கண் மூடவில்லை. அவர்கள் போட்ட கூச்சலில் இராப் பந்தயமே அங்கே நின்றுபோயிற்று.

இதனால் பிற்காலத்தில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. 1929-ல் 24 மணிப் பந்தயம் வைக்க ஆசைப்பட்டபோது, அதை இரண்டு பகலாகப் பிரித்து, நாளுக்குப் பன்னிரண்டு மணி ஓட்டினார்கள். நடுவில் வந்த இரவு முழுவதும் கார்கள் பூட்டிக் கிடந்தன!

இரவு அடங்கிற்று, பகல் அடங்கவில்லை. 1924-ல் அக்கம்பக்கத்தார் வழக்குக்கே போனார்கள். அதன் பலனாக ஓடும் நேரத்துக்கு வரம்பு வந்தது. ஒவ்வொரு காருக்கும் சைலன்ஸர் கட்டாயமாயிற்று. பெரிய தகர டப்பாவைப் போன்ற அதன் வாலில், மீன் வாலாக விரிந்த ஒரு குழாய். எஞ்சினிலிருந்து வெடித்து வரும் புகை அந்த டப்பாவுக்குள் விரிந்து, வேகம் தணிந்து, பிறகு மெல்ல வெளியேறும். ஆத்திரத்தோடு வருகிற விருந்தாளியைத் திண்ணையில் சற்று உட்கார வைத்து அனுப்புகிற மாதிரி.

புகை தடைப்பட்டால் எஞ்சினின் பலம் சிறிது குறையத்தான் செய்யும். பந்தயக்காரர்களுக்கு அது வருத்தம். ஆனாலும் அந்த விதி அமலில் இருந்தபோதுதான், 1935-ல், ஜான் காப் மணிக்கு 143 மைல் வேகத்தில் அந்தப் பாதையைச் சுற்றினார். அதை அங்கே யாரும் மிஞ்சவில்லை.

நம் நாட்டில் நெடுங்காலம் இந்தத் தொல்லை தெரியாமல் இருந்தது. யுத்த காலத்தில் போட்ட சோழவரம் விமான ஓடுபாதையில், 1953-ல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்களை நடத்திற்று. பின்னர் 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பாதையே அமைத்தது. இரண்டும் பட்டணத்துக்கு வெளியே. தூரமே அங்கே சைலன்ஸர். தூரம் இரட்டித்தால் சத்தம் ஏறக்குறைய ஆறு டெசிபல் குறையும் என்பது கணக்கு. ஆனால் 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, நகரத் தெருக்களிலேயே இராப் பந்தயம் நடந்தது. பக்கத்தில் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று விவகாரம் ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட்டு நிபந்தனைகளோடுதான் அனுமதித்தது.

இன்று பல நாடுகளில், பொழுதுபோக்காகக் கார் ஓட்ட வருகிறவர்களின் வண்டியையும் முதலில் நிறுத்தி, குழாய் முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி ஒரு மீட்டரைப் பிடித்து அளக்கிறார்கள். அளவு மீறினால் பாதைக்குள் இறங்க முடியாது. நம் நாட்டிலும் 2000-ஆம் ஆண்டு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன. பத்து டெசிபல் ஏறினாலே ஒலியின் சக்தி பத்து மடங்கு என்பதை நினைத்தால், அந்த எண்கள் அற்பமல்ல என்று தெரியும்.

விசைத்தறிகள் ஓயாமல் அடிக்கும் ஊர்க்காரன் சத்தத்தைப் பற்றிப் பேசலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். தறிச் சத்தம் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதைச் சகித்துக்கொள்கிறோம், காதும் மந்தமாகிறது. பிறருடைய விளையாட்டின் சத்தத்தை அப்படிச் சகிக்க ஒருவருக்கும் கடமை இல்லை. வார இறுதியில் காரை விரட்டும் வாலிபர்களிடம் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. அவர்கள் குழாய்க்கு ஒரு டப்பா மாட்டிக்கொண்டால், அடுத்த வாரமும் அங்கே ஓட்ட இடம் இருக்கும்.