கலவன்னு பிடுங்காம விட்ட நெல்லு

விதைநெல்லுக்குன்னு விடுற வயல்ல, கதிர் வர்ற சமயம் நாங்க வரிசையா நடந்துட்டு வருவோம். மத்ததை விட உயரமா நிக்கறது, குட்டையா நிக்கறது, முந்திக் கதிர் தள்ளினது, எது கண்ணுல பட்டாலும் பிடுங்கி வரப்புல வீசிடுவோம். கலவன் எடுக்கறதுன்னு பேரு. பெரும்பாலும் அது வேற ரகம் கலந்ததுதான். எப்பவாவது ஒண்ணு, அந்தப் பயிரே தனக்குள்ள மாறினதா இருக்கும்.

நீங்க கடையில கேட்டு வாங்கற ஆந்திரா பொன்னிக்கு அப்படி ஒரு கலவன்தான் பாட்டன் முறை. கோயமுத்தூர்ல நெல் ஆராய்ச்சி நிலையம் 1912ல ஆரம்பிச்சாங்க. தானாவே மாறின ஒரு சன்ன நெல்லை அங்க பிடுங்காம விட்டு, பெருக்கி, 1921ல ஜி.இ.பி. 24னு வெளியிட்டாங்க. ‘கவர்ன்மெண்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட்’ங்கிற பதவியோட சுருக்கம் அது. நெல்லுக்கு வைக்க வேற பேரே கிடைக்கல போல! பின்னால அதை தைச்சுங் நேட்டிவ் 1 கூடவும், மசூரி கூடவும் சேர்த்து பாபட்லாவுல எடுத்த பி.பி.டி. 5204தான் உங்க ஆந்திரா பொன்னி.

ஆனா இயற்கை அதுபாட்டுக்கு மாறுற வரைக்கும் எத்தன வருஷம் காத்திருக்கறது? 1927ல அமெரிக்காவுல முல்லர்ங்கிற விஞ்ஞானி, பழ ஈ மேல எக்ஸ்ரே பாய்ச்சினா மாற்றம் வேகமா வருதுன்னு காட்டினார். 1930கள்லயே கோயமுத்தூர்ல கே. ராமையாவும் பார்த்தசாரதியும் நெல்லு மேல அதைச் செஞ்சு பார்த்துட்டாங்க. அப்புறம் கோபால்ட் 60ல இருந்து வர்ற காமா கதிர் வந்தது.

காய்ஞ்ச விதைக்கு சாதாரணமா 200லேருந்து 300 கிரே கொடுப்பாங்க. மனுஷன் 5 கிரே தாங்கறதே கஷ்டம். இதனால விதையில கதிர்வீச்சு ஒண்ணும் தங்கிடாது. அந்தப் பயம் வேண்டாம். விதைதான் அடி வாங்கும். பாதி முளைக்காது, முளைச்சதுலயும் கதிர் பதராப் போகும். தப்பிச்சதோட நெல்லை எடுத்து மறுபடி விதைச்சாத்தான், அதாவது ரெண்டாம் தலைமுறையிலதான், மறைஞ்சு கிடந்த மாற்றம் பல வெளியில தெரியும். பச்சையமே இல்லாத வெள்ளை நாத்து வந்து ரெண்டு வாரத்துல சாகும். ஆயிரக்கணக்குல உதவாதது நிக்கும். அதுக்குள்ள நடந்து நடந்து உருப்படியான ஒண்ணைக் கண்டுபிடிக்கணும். கதிர் பாய்ச்சறது கொஞ்ச நேர வேலை. கலவன் தேடறதுதான் வருஷக்கணக்குல.

அப்படி எல்லாரும் தேடினது குட்டை நெல்லைத்தான். யூரியா போட்டா உயர ரகம் சாய்ஞ்சிடும்ல. ஜப்பான்ல 1966ல ரெய்மெய், கலிபோர்னியாவுல 1976ல கால்ரோஸ் 76, ரெண்டும் காமா கதிர்ல வந்த குட்டை. ஐ.ஆர். 8 குட்டையானது தைவான்ல இயற்கையா மாறின ஒரு நெல்லால. பிற்பாடு பிரிச்சுப் பார்த்தா, மூணுலயும் மாறினது ஒரே மரபணு! இயற்கை தட்டின அதே கதவைத்தான் காமா கதிரும் ரெண்டு தடவ தட்டியிருக்கு.

அடுத்தது ரசாயனம். ஈ.எம்.எஸ்.னு ஒரு திரவம். கையுறை இல்லாம தொடக்கூடாத, புற்றுநோய் வரவைக்கிற சரக்கு. அதைக் கலந்த தண்ணியில விதையைச் சில மணி நேரம் ஊறவெச்சு, நல்லா கழுவி விதைப்பாங்க. காமா கதிர் மரபணுவைத் துண்டாவே பிய்க்கும். இது பெரும்பாலும் ஒத்தை எழுத்தை மாத்தும்.

இப்படி நாகினா 22ங்கிற ரகத்தை மாத்தி, கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல ஒரு பயிர் எடுத்தாங்க. இந்தத் தடவ கண்ணால தேடல. இமாசெத்தாபிர்ங்கிற களைக்கொல்லியை அடிச்சாங்க. சாகாம நின்னதை எடுத்தாங்க. அந்தக் குணத்தைத்தான் டெல்லியில பாஸ்மதிக்குள்ள கொண்டுபோய், 2021ல பூசா பாஸ்மதி 1979, 1985னு வெளியிட்டாங்க. வெளி மரபணு எதுவும் நுழைக்காததால, பி.டி. பருத்திக்கு இருக்கற அனுமதிக் கெடுபிடி இதுக்கு இல்ல.

களை எடுக்க ஆள் கிடைக்காத ஊர்ல இருந்துகிட்டு இதை வேணாம்னு சுலபமா சொல்லிட மாட்டேன். நேரடி விதைப்புக்கு இது பெரிய உதவி. ஆனா இதே வகை நெல்லை அமெரிக்காவுல 2002லயே வித்தாங்க. சில வருஷத்துல அது பக்கத்துல இருந்த களைநெல்லோட மகரந்தம் கலந்து, களைநெல்லும் மருந்துக்கு அசையாம நின்னது. எங்க பக்கத்து வயல்கள்லயும் களைநெல் உண்டு. கதிர் வர்ற வரைக்கும் அதை நெல்லுன்னுதான் நினைப்பீங்க. முத்தினதும் மணியெல்லாம் தானா உதிர்ந்து, அடுத்த பட்டத்துக்குச் சேத்துல காத்துக்கிட்டு கிடக்கும்.