ஒனோரியுஸ் வழக்கு: பரோனியுஸின் வாசிப்பும் உரோமையின் சொந்தச் சான்றுகளும்

திருத்தந்தை ஒருவர் தப்பறையில் விழ முடியுமா, விழுந்தால் அவரைத் தீர்ப்பிட யாருக்கு அதிகாரம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் முதலில் வருகிற பெயர் முதலாம் ஒனோரியுஸ் (625–638). கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான் என்ற கொள்கைக்கு இடங்கொடுத்துக் கான்ஸ்டாண்டிநோபிள் மறைமுதுவர் செர்கியுஸுக்குக் கடிதம் எழுதினார் என்பதற்காக, 681 மார்ச் 28 அன்று ஆறாம் பொதுச்சங்கம் அவரைச் செர்கியுஸோடு சேர்த்துச் சபித்தது. அவர் இறந்து அப்போது 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தத் தீர்ப்பு நியாயமா என்று வாதிட்டவர்கள் பலர். தீர்ப்பே நடக்கவில்லை என்று வாதிட்டவர்களுள் தலையாயவர் திருச்சபை வரலாற்றாசிரியர் கர்தினால் பரோனியுஸ்.

ஒனோரியுஸின் பெயர் சங்க ஏட்டில் பொய்யாகச் செருகப்பட்டது என்ற யோசனையை அவருக்கு முன்பே இறையியலாளர் ஆல்பர்ட் பிகியுஸ் தொடங்கிவிட்டார். ஆனால் அதற்கு ஒரு கதையும் ஒரு குற்றவாளியும் தேடிக் கொடுத்தவர் பரோனியுஸ்தான். அவர் கூற்றுப்படி, சங்கம் உண்மையில் சபித்தது கான்ஸ்டாண்டிநோபிளின் முன்னாள் மறைமுதுவர் தியோதோரை. அவர் 686 வாக்கில் மீண்டும் பதவிக்கு வந்ததும் நடவடிக்கை ஏட்டில் தம் பெயரைச் சுரண்டிவிட்டு, எழுத்தமைப்பில் ஒத்திருந்த ஒனோரியுஸ் பெயரை எழுதிவிட்டாராம். இந்த ஊகத்தை வெறும் பக்திப் பரபரப்பு என்று ஒதுக்குவது எளிது. நான் அப்படிச் செய்யப் போவதில்லை. பரோனியுஸ் ஆவணங்களோடு வாழ்ந்தவர். அவரிடம் இரண்டு நல்ல காரணங்களும் இருந்தன.

முதலாவது, உரோமை ஒருபோதும் வழிதவறியதில்லை என்று முழங்கும் திருத்தந்தை அகத்தோவின் கடிதத்தை இதே சங்கம்தான் ஆரவாரத்தோடு ஏற்றுக்கொண்டது. அதே வாயால் ஒரு திருத்தந்தையை எப்படிச் சபிக்கும்? இரண்டாவது, திருத்தந்தையர் வரலாற்று நூலில் அகத்தோவின் பகுதி, வழிபாட்டு நினைவுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டோரைச் சொல்லும்போது ஒனோரியுஸைச் சொல்வதில்லை. இந்த மௌனம் உண்மையானது. அடுத்து வரும் இரண்டாம் லியோவின் பகுதியில் பெயர் இருக்கிறது என்பதும் அதே அளவு உண்மை. பரோனியுஸ் முதலாவதைச் சான்றாகக் கொண்டார், இரண்டாவதைக் கறையாகக் கண்டார்.

ஏடுகளில் கை வைப்பது அந்தக் காலத்தில் நடந்ததுதான் என்பதற்கு இந்தச் சங்கமே சாட்சி. மூன்றாம் அமர்வில் ஐந்தாம் சங்கத்தின் ஏடு வாசிக்கப்பட்டபோது உரோமைத் தூதர்கள் எழுந்து தடுத்தார்கள். ஏட்டைப் பிரித்துப் பார்த்ததில், முதல் மூன்று தாள்கட்டுகளுக்கு எண்ணே இல்லை. நான்காவது கட்டில்தான் ஒன்று என்ற எண் இருந்தது. கையெழுத்தும் வேறு. முன்னே ஒட்டவைத்த பொய் அங்கேயே பிடிபட்டது. இப்படிப்பட்ட கண்கள்தாம் பன்னிரண்டாம் அமர்வில் ஒனோரியுஸின் கடிதத்தையும் பார்த்தன. மறைமுதுவரகக் காப்பகத்திலிருந்து இலத்தீன் மூலம் கொண்டுவரப்பட்டது. அதை ஒப்புநோக்கியவர் போர்த்துஸ் ஆயர் யோவான். அவர் கிரேக்கர் அல்லர், உரோமையின் பிரதிநிதி.

பரோனியுஸின் கதைக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படுவது இரண்டாம் லியோவின் கடிதங்கள். அவர் 683இல் இறந்தார். தியோதோர் திரும்பியது அதற்குப் பிறகு. எனவே பரோனியுஸ் அந்தக் கடிதங்களையும் போலி என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பொய்யை நிலைநிறுத்த இன்னொன்றைப் பிறர்மேல் ஏற்ற வேண்டிவந்தால் வரலாற்றாசிரியர் நின்று யோசிக்க வேண்டும், அவர் நிற்கவில்லை. லியோ பேரரசருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு பாடபேதம் உண்டு. இலத்தீன் வடிவில் ஒனோரியுஸ் விசுவாசத்தைக் கவிழ்க்க முயன்றவர். கிரேக்க வடிவில் அது கறைபட விட்டுவிட்டவர். எது மூலம் என்பதை என்னால் உறுதிசெய்ய இயலவில்லை. ஸ்பெயின் ஆயர்களுக்கு லியோ எழுதியது, தீயைத் தொடக்கத்திலேயே அணைக்காத அசட்டையைத்தான் குற்றமாகச் சொல்கிறது. குற்றம் தப்பறையா அசட்டையா என்ற விவாதத்துக்கு இந்தப் பேதம் மிக முக்கியம். பெயர் இருந்ததா என்ற கேள்வியை மட்டும் அது தொடுவதில்லை; இரண்டு வடிவங்களிலும் பெயர் இருக்கிறது.

நான் அதிகம் சார்ந்திருப்பது இன்னொரு சாட்சியை. திருத்தந்தை அகத்தோவின் பெயரையே கொண்ட கான்ஸ்டாண்டிநோபிள் திருத்தொண்டர் அவர். 713இல் பேரரசர் பிலிப்பிகுஸ் வீழ்ந்த பிறகு அவர் எழுதிய ஒரு பின்னுரை சங்க ஏடுகளோடு சேர்ந்து வந்திருக்கிறது. ஏறத்தாழ 32 ஆண்டுகளுக்கு முன் தாம் இளைஞராக அந்தச் சங்கத்தில் வாசகராகப் பணிசெய்ததையும், நடவடிக்கைகளைத் தம் கையால் எழுதியதையும், ஐந்து மறைமுதுவர் பீடங்களுக்கும் சேர வேண்டிய கையொப்பப் படிகளைத் தயாரித்ததையும் அவர் சொல்கிறார். அரண்மனையில் இருந்த தம் கையெழுத்து ஏட்டைப் பிலிப்பிகுஸ் எரித்த வருத்தமும் வரிகளில் தெரிகிறது. கூடவே ஒரு செய்தி: செர்கியுஸ், ஒனோரியுஸ் முதலானோரின் பெயர்களை நினைவுப் பட்டியலில் மீண்டும் சேர்க்கும்படி பிலிப்பிகுஸ் ஆட்சிக்கு வந்ததும் சொன்னார். மீண்டும் சேர்க்க வேண்டுமென்றால் முன்பு நீக்கப்பட்டிருக்க வேண்டும்.

பெயர் மாற்றம் நடந்திருந்தால் அதை முதலில் கண்டிருக்க வேண்டியவர் இந்த எழுத்தர்தான். அவர் அப்படி எதையும் அறியவில்லை. ஐந்து பீடங்களுக்குப் படிகள் போயின என்பதும் கவனத்துக்குரியது. தியோதோரின் கத்தி கான்ஸ்டாண்டிநோபிள் ஏட்டைச் சுரண்டியிருக்கலாம். உரோமைக்குப் போன படியை எட்டியிருக்குமா? ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தப் பின்னுரையும் சங்க ஏட்டின் மரபு வழியாகவே நமக்குக் கிடைத்தது. முழு மரபையும் சந்தேகிப்பவருக்கு இது தனிச் சாட்சி ஆகாது. அந்த அளவுக்குச் சந்தேகிப்பவருக்கு ஏழாம் நூற்றாண்டில் எந்தச் சாட்சியும் மிஞ்சாது.

அத்தகையோருக்காகவே உரோமைக்குள்ளிருந்து ஒரு சான்று தேவை. அது உரோமைச் செயலகத்தின் வாய்பாட்டு நூலில் இருக்கிறது. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படும் திருத்தந்தை வெளியிட வேண்டிய விசுவாச அறிக்கையில், தப்பறையாளர்களின் பட்டியலோடு ஒனோரியுஸும் கண்டிக்கப்படுகிறார். இந்த வாய்பாடு எந்த ஆண்டில் எழுந்தது, எத்தனை திருத்தந்தையர் அதை உண்மையில் வெளியிட்டார்கள் என்பவை தீராத கேள்விகள். 17ஆம் நூற்றாண்டில் ஹோல்ஸ்தேனியுஸ் தயாரித்த பதிப்பு உரோமையில் தடுத்துவைக்கப்பட்டது. 1680இல் கார்னியே பாரிசில் அச்சிட்டார். அதை அச்சில் காணாமலே பரோனியுஸ் 1607இல் மறைந்துவிட்டார்.

இதுவரை சொன்னது பெயரைப் பற்றியது. பெயர் சட்டமாக மாறியது 869இல். 867இல் கான்ஸ்டாண்டிநோபிள் மறைமுதுவர் போத்தியுஸ் கூட்டிய சங்கம் திருத்தந்தை முதலாம் நிக்கோலாசைச் சபித்தது. அதற்கு மறுமொழியாகத் திருத்தந்தை இரண்டாம் ஹேட்ரியன் உரோமைச் சங்கத்தில் ஆற்றிய உரை, 869இல் தொடங்கிய கான்ஸ்டாண்டிநோபிள் சங்கத்தின் ஏழாம் அமர்வில் வாசிக்கப்பட்டது. அதன் சாரம் இது: உரோமை ஆயர் எல்லாத் திருச்சபைகளையும் தீர்ப்பிடுவார், அவரை யாரும் தீர்ப்பிட்டதில்லை. ஒனோரியுஸைக் கீழைநாட்டார் இறந்தபின் சபித்தது உண்மை. அவர்மேல் இருந்தது தப்பறைக் குற்றச்சாட்டு, அது ஒன்றுக்காகவே கீழுள்ளோர் மேலுள்ளோரை எதிர்க்கலாம். அதையும் உரோமைப் பீடத்தின் இசைவு முன்னே இல்லாமல் அவர்கள் செய்திருக்க முடியாது.

பரோனியுஸ் காணாமல் விட்டது இதைத்தான். ஒனோரியுஸின் தண்டனை உரோமைக்கு அவமானம் என்று அவர் எண்ணினார். ஹேட்ரியனோ அதைக் கேடயமாகப் பிடித்தார். விதிவிலக்கை ஒப்புக்கொண்டதன் மூலம் விதியைக் காத்தார். தப்பறைத் திருத்தந்தை என்ற சிந்தனை உரோமையின் எதிரிகள் திணித்தது என்று சொல்ல, இந்த உரைக்குப் பிறகு இடமில்லை. கர்தினால் பெல்லார்மினே இதற்குச் சாட்சி. ஹேட்ரியன் கெட்டுப்போன பிரதிகளால் ஏமாந்திருக்கலாம் என்று சொல்லும் அவர், தப்பறை விஷயத்தில் திருத்தந்தையைத் தீர்ப்பிடலாம் என்று ஹேட்ரியனும் அவருடைய சங்கமும் கருதியதை மறுக்க முடியாது என்று அங்கேயே ஒப்புக்கொள்கிறார்.

ஹேட்ரியனிலிருந்து 1140 வாக்கில் உருவான கிராசியானின் திருச்சபைச் சட்டத் தொகுப்புக்கு நேர்கோடு இழுக்க நான் துணியமாட்டேன். திருத்தந்தை விசுவாசத்திலிருந்து விலகினாலொழிய எவராலும் தீர்ப்பிடப்படார் என்ற அதன் 40ஆம் பகுதி 6ஆம் விதி, மறைசாட்சி போனிஃபாஸ் பெயரில் நிற்கிறது. அவர் எழுதியது என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. 11ஆம் நூற்றாண்டு உரோமைச் சீர்திருத்த வட்டத்தை, குறிப்பாகக் கர்தினால் ஹம்பர்ட்டைச் சுட்டுகிறார்கள். ஹேட்ரியனின் உரையும் இந்த விதியும் உரோமையின் உயர்வை நிலைநாட்ட எழுந்தவை, இரண்டிலும் அதே ஒற்றை விதிவிலக்கு என்பதோடு நிற்கிறேன். பின்னால் இறையியலாளர் கயத்தான் 1511இல், தப்பறையில் விழுந்த திருத்தந்தையைத் திருச்சபை பதவிநீக்கம் செய்ய வேண்டும் என்றார். பெல்லார்மின், வெளிப்படையான தப்பறையாளர் தாமாகவே பதவி இழப்பார் என்றார். 1870இல் ஆயர் ஹெஃபெலே ஒனோரியுஸ் வழக்கைத் தனி நூலாக நேப்பிள்சில் அச்சிட்டு, திருத்தந்தையின் தவறா வரப் பிரகடனத்தை எதிர்த்தார். அந்த ஆண்டு சூலை 18இல் பிரகடனம் நிறைவேறியது.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1404ஆம் விதி, முதன்மைப் பீடம் எவராலும் தீர்ப்பிடப்படுவதில்லை என்கிறது. கிராசியானின் விதிவிலக்கு அதில் இல்லை.