பந்தியில் தொடங்கிய கேள்வி

திருநெல்வேலியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குச் செல்லும் ரயில் கடந்துபோகும் சேரன்மகாதேவி, ஒரு மாணவன் தன் பள்ளியைத் தனக்கும் உரியதாக உணர்கிறானா என்னும் கேள்வி தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கிய ஊராகும். வ.வே.சு. ஐயர் 1922இல் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கி, பின்னர் சேரன்மகாதேவிக்கு மாற்றிய தமிழ்க் குருகுலம், மாணவர்கள் ஆசிரியர்களுடன் தங்கிக் கல்வியோடு உடலுழைப்பையும் பயிலும் உறைவிடப் பள்ளியாக அமைந்தது. ஆங்கிலேய அரசின் கல்விமுறைக்கு மாற்றாகத் தேசியக் கல்வி தேடப்பட்ட காலம் அது. ஆகவே தமிழ்நாடு காங்கிரஸ் 10,000 ரூபாய் தர இசைந்து, முதல் தவணையாக 5,000 ரூபாயை அளித்தது.

அங்கே பிராமணச் சிறுவர் இருவர், பெற்றோரின் விருப்பப்படி, மற்றவர்களோடு பந்தியில், அதாவது வரிசையாக அமர்ந்து உண்ணும் இடத்தில், சேராமல் தனியே உண்டனர். இருவர்தானே என்று விட்டுவிடக்கூடிய செய்தியன்று இது. வகுப்பில் ஒரே பாடம் கேட்டு, தோட்டத்தில் ஒரே மண்ணைக் கொத்திய பிள்ளைகள், இலை போடும் வேளையில் மட்டும் தங்கள் பிறப்பை நினைவூட்டப்பெற்றார்கள் என்பதே அதன் பொருள். காங்கிரஸ் தலைவர்களான வரதராஜுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ. ராமசாமியும் எதிர்ப்பை முன்னெடுத்தனர். ஐயரின் நாட்டுப்பற்றில் ஐயமில்லை. எனினும் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதற்காக, மற்ற எல்லாப் பிள்ளைகளின் தன்மதிப்பையும் அவர் விலையாகக் கொடுத்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். பிறப்பால் உயர்வு தாழ்வு பாராட்டுதல் தேசிய நிறுவனங்களில் கூடாது எனத் தமிழ்நாடு காங்கிரஸ் குழு 1925இல் தீர்மானித்தது. பொறுப்பிலிருந்து விலகிய ஐயர், அவ்வாண்டு ஜூன் மாதம் பாபநாசம் அருவியில் தம் மகளைக் காப்பாற்ற முயன்று உயிரிழந்தார். பெரியார் நவம்பரில் காங்கிரசை விட்டு வெளியேறினார்.

முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 1956இல், அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில் முதலமைச்சர் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பசியால் பள்ளிக்கு வராத பிள்ளைகளை வரவைப்பதே அதன் முதல் நோக்கம். ஊரார் நன்கொடையும் அதற்குத் துணைநின்றது. அந்த நோக்கத்துக்கு அப்பாலும் ஒன்று நிகழ்ந்தது: குருகுலத்தில் நடக்காமற்போனது, திண்ணையிலும் மரத்தடியிலும் வரிசையாக உட்கார்ந்த பிள்ளைகளிடையே அன்றாடச் செயலாயிற்று. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அரசு தொடங்கிய சத்துணவுத் திட்டம் இதை மேலும் விரித்தது. புத்தகப் பைக்குள் சிலேட்டோடு உரசி ஒலித்த அலுமினியத் தட்டு, அக்காலக் கிராமப்புறப் பள்ளி வாழ்வின் அடையாளமாயிற்று.

யாருடன் உண்பது என்னும் வினாவுக்குப் பின்னால், யார் சமைப்பது என்னும் வினா காத்திருந்தது. பள்ளிச் சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2004இல் ஆணையிட்டது. அதன் பின்னும், 2018இல் திருப்பூர் மாவட்டக் கிராமம் ஒன்றில், பட்டியல் சாதியைச் சேர்ந்த சமையலர் ஒருவர் சத்துணவு சமைப்பதைப் பெற்றோர் சிலர் எதிர்க்க, அவர் இடமாற்றம் செய்யப்பட்டார். போராட்டம் எழுந்து அந்த இடமாற்ற ஆணை திரும்பப் பெறப்பட்டதும், அவர் அதே பள்ளியின் அடுப்படிக்குத் திரும்பிவந்து உலை வைத்தார்.